மாப்பிள்ளைக் கத்திக்கு வாங்கிய பட்டை

உ

அம்பகரத்தூர்,
19-6-1978

மாயவரம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், என் வருங்காலச் சம்பந்தி தெட்சிணாமூர்த்தி அவர்களின் சமூகத்துக்கு, திருஞானசம்பந்தம் அநேக வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் என் மனைவி கல்யாணசுந்தரி, மகள் அல்லி, பசு, கன்று ஆகிய எல்லோரும் சுகம். நான் ஒருவன்தான் சுகமில்லை. தாங்கள், சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை பாலகுரு ஆகியோரின் சுகத்துக்கு உடனே பதில் போடவும்.

தாங்கள் எழுதிய போஸ்ட்கார்டு நேற்றுக் கிடைத்தது. "பட்டை விஷயம் ராஜம் மூலம் கேள்விப்பட்டேன். நேரில் பேச வேண்டும். நிச்சயதார்த்தத் தேதி அதன் பிறகு" என்று மூன்றே வரி. கார்டு என்பதால் தபால்காரர் எனக்கு முன்பே படித்துவிட்டு, "மனசை விட்டுடாதீங்க ஐயா" என்று ஆறுதல் சொல்லிக் கொடுத்தார். கல்யாணசுந்தரி அதைப் படித்ததிலிருந்து எனக்குக் காபியை டம்ளரில் ஊற்றி தூரத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். அல்லி சாப்பிடவே இல்லை. தாங்கள் மதுவிலக்கைப் பற்றி மேடையேறிப் பேசுகிறவர். நானோ மதுவிலக்கு இல்லாத காரைக்கால்காரன். சம்பந்தம் பேச வந்த அன்றே, "உங்க ஊருன்னாத்தான் கொஞ்சம் யோசனையா இருக்கு" என்று தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு வரி கூட விடாமல் படிக்க வேண்டுகிறேன்.

பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜி சாப்பிட்ட கையோடு மாப்பிள்ளை எங்கள் கொல்லைக்குப் போனது தங்களுக்கு நினைவிருக்கும். தோட்டக்கலை உத்தியோகம் பார்க்கிறவர் மாமரத்தைக் கண்டால் சும்மா இருப்பாரா? "இதுல ஒரு ஒட்டுக் கட்டிக் காட்டறேன்" என்று பையிலிருந்து மடக்குக்கத்தியை எடுத்தார். அந்தக் கத்தி கொப்பை வெட்டவில்லை, கடித்தது. பட்டை பிய்ந்ததுதான் மிச்சம். "நாலு ஒட்டுக் கட்டறதுக்குள்ள மழுங்கிடுதுங்க மாமா. கடைக் கத்தியில இரும்பே சரியில்லை" என்றார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அல்லி, "பேச்சு மட்டும் மழுங்கலை" என்றாள், அவருக்குக் காது கேட்கும்படியாகவே. அவர் சிரித்தார். இன்னும் சம்மதம் சொல்லாத நிலையிலேயே என்னை மாமா என்று கூப்பிட்டுவிட்டாரே, அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். இந்தப் பிள்ளைக்கு ஜென்மத்துக்கும் மழுங்காத ஒரு கத்தி செய்து கொடுக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

நான் முப்பத்திரண்டு வருஷம் மேரி என்கிற எங்கள் நகராட்சி ஆபீசில் உட்கார்ந்து பிறப்பு, இறப்பு, கல்யாணம் எழுதியவன். இரும்பில் இத்தனை ஜாதி உண்டென்று எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணசுந்தரி, "எவர்சில்வர்ல செய்யச் சொல்லுங்க, பளபளன்னு இருக்கும், மாம்பால் பட்டாலும் கறுக்காது" என்றாள். இதைக் காரைக்காலில் கத்தி செய்யும் கபீரிடம் போய்ச் சொன்னேன். அவர் பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நம்மகிட்ட கெடைக்கிற எவர்சில்வரு கரண்டிக்கு ஆவுங்க ஐயா. கூர் நிக்காது." சரி, வீட்டில் கிடந்த பழைய அரத்தைக் கொண்டு போனேன். அதன் கடினத்துக்கு என்ன குறை என்றேன். அவர் அதைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாகப் போயிற்று. "ஒட்டுக் கட்டறப்ப இப்புடிப் பூட்டா மாப்புள கை என்னாவறது?" என்றார். ரம்பத் தகடு கொண்டு போனேன். அது மழுங்க மழுங்கத் தீட்டியே மாப்பிள்ளை பென்ஷன் வாங்கிவிடுவார் என்றார். கூர் பிடிக்கிற இரும்பு ஒடிகிறது, ஒடியாத இரும்பு மழுங்குகிறது. நான்காவது தடவை போனபோது கபீரே மனமிரங்கி, "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்குங்க. லாரிப் பட்டை. சக்கரத்துக்கு மேல அடுக்கி வச்சிருப்பான் பாருங்க, அந்த வில்லுப் பட்டை. புதுசு வாணாம். பத்து வருசம் ரோட்டுல அடி வாங்கியும் விரியாத பழைய பட்டையாக் கொண்டாங்க. உரசிப் பாத்துச் சொல்றேன்" என்றார். இரும்பைச் சாணைச் சக்கரத்தில் உரசினால் பறக்கும் பொறியைப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லிவிடுவாராம்.

இங்கேதான் என் தலையெழுத்து என்னைப் பிடித்தது. நான் நேராகக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, லாரிக்காரர் போலத் தெரிந்த ஒருவரிடம், "தம்பி, நல்ல பட்டை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன். அவர் என் நெற்றி விபூதியிலிருந்து செருப்பு வரை ஒருமுறை பார்த்தார். "இந்த வயசுலயாங்க?" என்றார். "எனக்கில்லப்பா, வரப்போற மாப்பிள்ளைக்கு" என்றேன். "இப்பவே பழக்குறீங்களா?" என்றார். "அவருக்கு ஏற்கெனவே பழக்கம்தான், தினம் வேணும். கடைச் சரக்கு சரியில்லைன்னு வருத்தப்படுறார்" என்றேன். "புதுசா, பழசா?" "புதுசு வேண்டாம். பத்து வருஷம் ஆனதா இருக்கணும். வாங்கினவுடனே உரசிப் பார்ப்போம், பொறி பறக்கணும்." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பிப் பார்த்தால் மாயவரம் பஸ்ஸுக்காகக் கையில் கூடையோடு தங்கள் ஒன்றுவிட்ட தங்கை ராஜம் நின்றுகொண்டிருக்கிறார்கள். நான் சிரித்து, "மாப்பிள்ளைக்காகத்தான் அலையறேன்" என்றேன். அவர்கள் வந்து நின்ற பஸ் எந்த ஊருக்கு என்று கூடக் கேட்காமல் ஏறிவிட்டார்கள்.

அந்த மனிதர் என்னைப் பத்திரமாக அழைத்துப் போய் ஒரு தட்டிக்குப் பின்னால் நிறுத்தினார். உள்ளேயிருந்து ஒருவர் கண்ணாடித் தம்ளரை நீட்டினார். "இதுவா பட்டை?" என்றேன். "இதுதாங்க பட்டை. வேப்பம்பட்டை, வேலம்பட்டை போட்டு எறக்குனது" என்றார். சம்பந்தி அவர்களே, சாராயத்துக்கு அப்படி ஒரு பெயர் உண்டென்று அறுபது வயதில், அந்தத் தம்ளரை நேருக்கு நேர் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைத் தொடவில்லை. "எனக்கு இரும்பு வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே ஓடி வந்தேன். "பெரியவரு ஏற்கெனவே எங்கியோ போட்டுட்டு வந்திருக்காரு" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கத்தி? கீழவாஞ்சூரில் சேக் அலாவுதீன் என்பவர் லாரி ஷெட் வைத்திருக்கிறார், அங்கே நிச்சயம் கிடைக்கும் என்று கபீர் சொன்னார். போனேன். கிடைத்தது. ஒன்றரை அடி நீளம், வளைவு மாறாத அருமையான பட்டை. எண்ணெய்ப் பிசுக்காக இருந்ததால் அலாவுதீனே தினசரித் தாளில் சுற்றிக் கொடுத்தார். வாஞ்சூர் எல்லைக்குச் சாராயத்துக்காகவே கூட்டம் வருகிறது என்பது தங்கள் மேடைப் பேச்சிலேயே வருகிற விஷயம். அங்கேயிருந்து, பேப்பர் சுற்றிய ஒரு நீளப் பொருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் பஸ் ஏறினால் உலகம் என்ன நினைக்கும்? கண்டக்டர், "மடியில வச்சுக்கங்க ஐயா, ஒடஞ்சிடப் போவுது" என்றார். "இது உடையாதுப்பா, வளைஞ்சு கொடுக்கும்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. பின்சீட்டில் எங்கள் தபால்காரர் உட்கார்ந்திருந்ததை இறங்கும்போதுதான் பார்த்தேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இத்தனை அவமானத்துக்கும் அந்தக் கத்தி ஈடு. கபீர் உரசியபோது பொறி கிளை கிளையாகப் பிரிந்து பூவாகக் கொட்டியது. "இதாங்க உருக்கு!" என்று அவர் கத்தினார், நானும் கத்தினேன். அலகை மெலிதாக அடித்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் வரும் வரை வாட்டினார். ஒட்டுக் கத்தி என்பதால் ஒரு பக்கம் மட்டும் சாணை. எருமைக் கொம்பில் பிடி. மடக்கினால் உள்ளங்கையில் அடங்குகிறது, விரித்தால் 'டக்' என்று நிற்கிறது. கத்தியைக் கையோடு கை கொடுக்கக்கூடாது என்று கல்யாணசுந்தரி தாம்பாளத்தில் வாங்கினாள். அல்லி அதை எடுத்துப் போய்க் கொல்லை மாமரத்தில் ஒரே இழுப்பில் ஒரு கொப்பைச் சீவினாள். வெட்டு வாய் கண்ணாடி மாதிரி இருந்தது. அவள் முகத்தை அப்போது தாங்கள் பார்த்திருக்க வேண்டும். தங்கள் கார்டு வந்தது அதற்கு மறுநாள்.

நான் வெற்றிலை கூடப் போடாதவன். அத்தாட்சியாக, பட்டையில் மிஞ்சிய துண்டைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். தட்டிப் பார்க்கவும், முகர்ந்தும் பார்க்கவும். என் குழந்தையின் கல்யாணம் ஒரு வார்த்தைக் கோளாறில் நின்றுபோனால் என்னால் தாங்க முடியாது. தங்கள் திருவாயால் ஒரு நல்ல தேதி சொல்லும்படி கேட்டுக்கொண்டு, சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரத்தையும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதத்தையும் தெரிவித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சொட்டும் அறியாத
அ. திருஞானசம்பந்தம்

பின்குறிப்பு: கவருக்குப் பசை தடவும்போது மாப்பிள்ளையே வாசலில் வந்து நின்றார். கத்தியை ஐந்து நிமிஷம் விரித்தும் மடக்கியும் பார்த்தார். பிறகு அல்லியை இன்னும் ஐந்து நிமிஷம். அதன் பிறகு என்னைத் தனியாகக் கொல்லைக்கு அழைத்துப் போய்த் தலையைச் சொறிந்தார். "மாமா, அப்பா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. எங்க பக்கம் நாலு வருஷமாக் கடையெல்லாம் மூடிட்டாங்களா, அப்பாவுக்கு ரொம்பச் சிரமமாப் போச்சு. உங்களுக்கு நல்ல பட்டை எங்க கெடைக்கும்னு தெரியும்னு ராஜம் அத்தை சொன்னாங்களாம். நிச்சயதார்த்தத்தைக் காரைக்கால்லயே வச்சுக்கலாமா, ரெண்டு நாள் முன்னாடியே வந்துடட்டுமான்னு கேட்டாங்க. அம்மாவுக்குத் தெரிய வேணாம்னாங்க."

ஆகையால் மேலே எழுதியது எதையும் தாங்கள் படிக்க வேண்டாம். ஆவணியில் எந்தத் தேதியானாலும் எங்களுக்குச் சம்மதம். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு விவரமும் தெரியாதுதான். ஆனால் காரைக்காலில் இப்போது எனக்கிருக்கும் பெயருக்கு எந்தத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றாலும் நல்லதாகத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். தாராளமாக வாருங்கள். சம்பந்தியம்மாள் கேட்டால், கத்திக்கு இரும்பு பார்க்கப் போவதாகச் சொல்லிவிடவும்.