பதினேழாவது மனுவின் இணைப்பு

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கையின் முழங்கால் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை விசாரிக்க அவசியமில்லை. நேற்று போனில் நீங்கள் கத்திய கத்தலிலேயே நெஞ்சும் தொண்டையும் திடமாக இருப்பது தெரிந்தது. என்னைப் பேச விடாமல் வைத்துவிட்டதால் இந்தக் கடிதம். அந்த வீடியோவில் பனியனோடு நிற்பது நான்தான். என் சட்டையைக் கையில் வைத்திருப்பவர் இரண்டாம் மாடி நர்ஸம்மா. இரண்டும் உண்மை. நடுவில் என்ன நடந்தது என்றுதான் நீங்கள் கேட்கவில்லை.

எங்கள் குடியிருப்பு லிஃப்ட் படுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. 'தற்காலிகமாக இயங்காது' என்று கதவில் ஒட்டிய காகிதம் பழுத்து உதிர்ந்து, இப்போது இரண்டாவது காகிதம். நாங்கள் நான்காம் மாடி, எழுபத்திரண்டு படி. உங்கள் தங்கை கடைசியாகத் தெருவில் கால் வைத்தது ஏழு மாசத்துக்கு முன்னால், டாக்டரிடம் போனபோது. திரும்பி வரும்போது மூன்றாம் மாடியில் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். "இனிமே என்னைக் கீழ கூப்பிடாதீங்க" என்றாள். அன்றிலிருந்து ஜன்னலோரம் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை மச்சான். வீட்டு வசதி அலுவலகத்துக்குப் பதினாறு மனு போட்டேன். ஒன்றும் அசையவில்லை. நான் முப்பத்தொரு வருஷம் அரசு அலுவலகத் தபால் பிரிவில் குப்பை கொட்டியவன். எந்தக் காகிதம் நகரும், எது நகராது என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன். வெறும் மனு கிணற்றில் போட்ட கல். செய்தித்தாள் நறுக்கு ஒன்றைக் குண்டூசியால் குத்தி அனுப்பினால் மட்டும் அதே மனு அன்றைக்கே அதிகாரி மேஜைக்குப் போகும். ஆனால் முழங்கால் வலியைப் பற்றி எந்தப் பத்திரிகைக்காரன் எழுதப் போகிறான்?

நீங்கள் போன தடவை மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "மாப்ள, எவனாவது ஒருத்தன் மானம் சந்தி சிரிச்சாத்தான் ஊர்ல இருக்கிற ஓட்டை நாலு பேர் கண்ணுல படும். சமூகத்துக்கு அதுதான் டார்ச் லைட்" என்றீர்கள். கல்லூரியில் சமூகவியல் நடத்தியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மனசில் போட்டுவைத்தேன்.

பத்து நாளைக்கு முன் அதிசயமாக ஒரு மெக்கானிக் வந்து, "சரியாயிடுச்சு, ஏறிப் பாருங்க சார்" என்றார். நானும், காய்கறிப் பையோடு வந்த நர்ஸம்மாவும் ஏறினோம். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. மெக்கானிக் அதற்குள் டீ குடிக்கப் போய்விட்டார். இரண்டரை மணி நேரம் குடித்திருக்கிறார். உள்ளே காற்றில்லை. நர்ஸம்மாவுக்குத் தலை சுற்றியது, விசிறிக்கொள்ளட்டும் என்று சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். கதவை நெம்பித் திறந்தபோது எதிரே நின்றவர் முதல் மாடிக்காரர். குடியிருப்பில் அவருக்குப் பெயரே நியூஸ் சேனல். கையில் போன் வேறு. மறுநாள் பேப்பரில் 'ஓய்வு பெற்றவர்களின் ரகசியச் சந்திப்பு' என்று வந்துவிட்டது. நிருபர் வீட்டுக்கே வந்து "உண்மையா சார்?" என்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவர் கையிலிருந்த பேப்பர் கண்ணில் பட்டது. அட, நறுக்கு! பெரிய மனிதர்கள் சொல்வது போல, "கருத்துச் சொல்ல விரும்பவில்லை" என்றேன். நர்ஸம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அறுபத்திமூணு வயசு சார். என் மருமக இப்பத்தான் என்னை நிமிர்ந்தே பாக்குறா. லிஃப்ட் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க" என்றார்.

பதினேழாவது மனு போட்டேன். இணைப்பு: செய்தித்தாள் நறுக்கு ஒன்று, மனுதாரர் படத்தில் இடப்புறம், பனியனில். அதன் பிறகு வந்த கூட்டத்தைச் சொல்லி முடியாது. லிஃப்ட் கதவோடு நின்று படம் எடுத்தார்கள். ஒருவர் டேப்பைக் கொண்டுவந்து, உள்ளே இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் நிற்க முடியுமா என்று அளந்தார். ஒரு நிருபர் பெண் மட்டும் "லிஃப்ட் ஏன் சார் நின்னுச்சு?" என்றாள். மகிழ்ந்துபோய்ப் பதினாறு மனுவின் நகலையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். "அதில்ல சார், நீங்களே நிறுத்தினீங்களான்னு கேட்டேன்" என்றாள். உங்கள் டார்ச் வெளிச்சமெல்லாம் என் பனியன் மேல்தான் விழுந்தது மச்சான். ஆனாலும் மூன்றாம் நாளே அதிகாரி பதறியடித்து வந்தார், தன் பெயரும் பேப்பரில் வந்துவிடுமோ என்று. வேலை நடக்கிறது.

உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் நடந்ததைச் சொன்னபோது அவள் நம்பினாள், விழுந்து விழுந்து சிரிக்கக்கூடச் செய்தாள். பேப்பரில் என் பதிலைப் படித்த பிறகுதான் வினை. "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?" "சொல்லிட்டா லிஃப்ட் வராதும்மா. உனக்காகத்தான்." "என் மானத்தைக் கப்பலேத்தித்தான் எனக்கு லிஃப்ட் வரணுமா? நான் கேட்டேனா?" அதற்கப்புறம் பேச்சில்லை, பாத்திரங்கள்தான் பேசுகின்றன. கோபம்தானே, ஆறிவிடும். ஆகவே நீங்கள் சொன்னபடி அவளை அழைத்துப்போக வர வேண்டாம். எழுபத்திரண்டு படி இறங்கி அவள் எங்கேயும் போய்விட மாட்டாள். நிலைமை என் கட்டுக்குள் இருக்கிறது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்களிடம் வீடியோவைக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத
மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் லிஃப்ட் சரியாகிவிட்டது. அதிகாரி நான்காம் மாடிக்கே வந்தார். "முதல்ல அவங்க போகட்டும்" என்று பெருமையாகச் சொன்னேன். உங்கள் தங்கை பெட்டியோடு வந்தாள். "நகருங்க" என்றாள். அந்தச் சண்டைக்கப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. இறங்கிப் போய்விட்டாள். மேலேயிருந்து பார்த்தேன், தெருவில் நொண்டாமல் நடந்தாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அங்கே வந்திருப்பாள். அதனால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நிருபருக்குப் போன் போட்டு, "எல்லாம் பொய், ஒண்ணும் நடக்கல, போடுங்க" என்று கெஞ்சினேன். "ஒண்ணும் நடக்கலைங்கறது நியூஸ் இல்லையே சார்" என்று வைத்துவிட்டார். நீங்களாவது அவளிடம் சொல்லுங்கள். லிஃப்ட் மேலேயும் வருகிறது என்று சொல்லுங்கள்.