நாற்பத்தேழாவது எழுத்து

தரவுத்தளப் பக்கத்தில் போட்டிருந்தபடி பார்த்தால், அந்தப் புரதத்தின் நாற்பத்தேழாவது எழுத்தில் ஃபாஸ்பேட் ஒட்டியிருந்தது. ஆனால் அந்த இடத்தில் இருந்தது 'ஜி'. ஜி மேல் ஃபாஸ்பேட் ஒட்டவே ஒட்டாது.

“யார் பார்த்த வேலை இது?” என்றார் மேடம்.

ஒட்டுக்காரர் பார்த்த வேலைதான். புரதம் ஒரு நீண்ட எழுத்துச் சங்கிலி; ஒவ்வோர் எழுத்தும் ஓர் அமினோ அமிலம். அது உருவான பிறகு எந்த எழுத்தில் என்ன வந்து ஒட்டுகிறது என்று தரவுத்தளத்தில் குறிப்பது அவர் பிழைப்பு. மாப்பிள்ளைக்கு ஸ்டிக்கர் கடையில் வேலை என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஏழு வருடமாக வேலை நிரந்தரமாகாததால் அவரும் மறுக்கவில்லை.

இந்தப் புரதத்தில் ஆதாரமில்லாமல் கிடந்த பன்னிரண்டு ஒட்டுகளுக்கும் போன வருடம் ஒரு கட்டுரையைத் தேடிப்பிடித்து ஆதாரமாகப் போட்டவர் அவர்தான்.

“அஞ்சு மணிக்குப் புதுப் பதிப்பு வெளியாகுது. அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா உங்க நிரந்தர ஃபைல்ல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

அவர் திரையை உற்றுப் பார்த்தார். நல்லவேளை, காரணம் உடனே பிடிபட்டது. சங்கிலியின் முதல் எழுத்தை உயிரணு பல சமயம் வெட்டி எறிந்துவிடும். கட்டுரைக்காரர்கள் அதை விட்டுவிட்டு எண்ணியிருப்பார்கள்.

“எண்ணத் தெரியாத ஜென்மங்க” என்று முனகியபடி பன்னிரண்டையும் ஓர் எழுத்து தள்ளி வைத்தார். நாற்பத்தெட்டில் 'எஸ்' இருந்தது. எஸ் மேல் ஃபாஸ்பேட் தாராளமாக ஒட்டும். மீசையைத் தடவிக்கொண்டார்.

“மத்த பதினொண்ணும்?” என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

பார்த்தார். ஏற்கெனவே சரியாக இருந்த ஒன்பது இப்போது தப்பு.

ஒன்பதையும் பின்னால் இழுத்தார். பதற்றத்தில் மூன்று தடவை இழுத்துவிட்டார். ஒன்று பூஜ்யமாவது எழுத்தில் போய் நின்றது.

“அங்க எழுத்தே இல்லையே” என்றாள் அவள். “காத்துல ஒட்டிருக்கு போல.”

நாலரை மணிக்கு மேடம் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அதற்குள் எது முதலில் எங்கே இருந்தது என்பதே ஒட்டுக்காரருக்கு மறந்து போயிருந்தது.

“தப்பு அவங்க கட்டுரையிலதான் மேடம். நமக்கு ஒரே ஆதாரம் அதுதானே. எழுதினவரையே கேட்டுடறேன், நீங்களும் காதால கேளுங்க.”

போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எதிர்முனையில் ஒரு பேராசிரியர் சாவகாசமாக எடுத்தார்.

“சார், உங்க கட்டுரையில பன்னிரண்டு ஒட்டு இருக்கே, அதுல முதல் எழுத்தைச் சேர்த்து எண்ணினீங்களா, விட்டுட்டு எண்ணினீங்களா?”

“நாங்க எங்க சார் எண்ணினோம்? உங்க தரவுத்தளப் பக்கத்துல ஏற்கெனவே இருந்தத அப்படியே எடுத்துப் போட்டோம்.”