வானத்தில் இல்லாத சேனல்

ஸ்ரீ துர்க்கை துணை

நாகேர்பஜார்,
பைசாக மாதம், வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஸ்ரீ பிமலேந்து சான்யால் அவர்கள் சமூகத்துக்கு, ஹேரம்ப லாகிரி இரு கைகளையும் கூப்பிக்கொண்டு எழுதுவது. இங்கே நானும் ரேபாவும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ரேபா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நான் கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பதில்லை, மற்றபடி சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை அர்க்கோவும் எங்கள் பெண் டுக்டுகியும் நலமாக இருக்கத் துர்க்கையம்மன் அருள் புரியட்டும். பெல்கோரியா இங்கிருந்து கூப்பிடு தூரம்தான், நேரில் வந்து காலில் விழுந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வந்தேன். உங்கள் தெருமுனை இனிப்புக் கடைவரை வந்து, ஒரு சட்டி இனிப்புத் தயிர் வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் கால் எழும்பாமல் திரும்பிவிட்டேன். தயிரை பஸ்ஸில் நானே சாப்பிட்டேன். போனையும் நீங்கள் எடுப்பதில்லை. ஆகவே இந்தக் கடிதம். கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழிக்க வேண்டுகிறேன்.

பைசாக முதல் தேதி, புத்தாண்டு மாலை நான் போனில் உங்களைக் கேலி செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மன் சத்தியமாக இல்லை. நான் பொய்தான் சொன்னேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ரேபா கேட்கிறாள். அதை விளக்கத்தான் எழுதுகிறேன், எழுத எழுத எனக்கே வித்தியாசம் மங்கிக்கொண்டு வருகிறது.

எல்லாம் வீடு மாறியதில் தொடங்கியது. தம்தம் வாடகை வீட்டில் இருந்தவரை எங்களுக்கு டிவி என்றால் கேபிள், கேபிள் என்றால் பொல்ட்டு. பேட்டையின் கேபிள்காரனும் அவன்தான், கிளப் செயலாளரும் அவன்தான், துர்க்கை பூஜைக்குச் சந்தா கேட்டு வருகிறவனும் அவன்தான். போன வருஷம் சந்தாவில் நான் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன். அந்த வாரமே எங்கள் வீட்டுப் படத்தில் மட்டும் மழை பெய்யத் தொடங்கிவிட்டது. கேட்டால், “வயர்ல காக்கா உக்காந்திருக்கும் சித்தப்பா” என்றான். அந்தக் காக்கா பூஜை முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை. அன்றே மனசுக்குள் சபதம் செய்துகொண்டேன், சொந்த ஃபிளாட்டுக்குப் போனால் பொல்ட்டுவின் வயர் வாசற்படி தாண்டக் கூடாது என்று. நாகேர்பஜாருக்குச் சாமான் இறங்கிய அன்றே அவன் தோளில் வயர்ச் சுருளோடு வந்து நின்றான். “புது வீட்டுக்கும் நான்தான் இழுத்துத் தருவேன் சித்தப்பா” என்றான். “இனிமே என் வீட்டுக்குப் படம் தெருவுலேர்ந்து வராதுடா, வானத்துலேர்ந்து வரும்” என்றேன். மாடிப்படியில் ஆட்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்ததால் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். ரேபாவுக்குக் கேபிள்தான் வேண்டும். “வயர் அறுந்தா பொல்ட்டு வீட்டு வாசல்ல போய்க் கத்தலாம். வானம் அறுந்தா யார் வீட்டு வாசல்ல போய்க் கத்துவீங்க?” என்று கேட்டாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்னதை நான் கேட்டதில்லை, அன்றைக்கு மட்டும் புதிதாகக் கேட்பானேன் என்று விட்டுவிட்டேன்.

டிஷ் பொருத்த ஒரு பையன் டை கட்டிக்கொண்டு வந்தான். அவன் கேட்ட முதல் கேள்வியே, “சார், தெற்கு எந்தப் பக்கம்?” டிஷ் தெற்கைப் பார்த்துத்தான் நிற்குமாம். சம்பந்தி, இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் ஃபிளாட் வாங்கினால் யாரும் எத்தனை அறை என்று கேட்பதில்லை, தெற்கு திறந்திருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். உங்களிடமும் கிருகப்பிரவேச அழைப்பு கொடுத்தபோது, “தென்றல் சும்மா பிச்சிக்கிட்டு வருது சம்பந்தி” என்றேன். வரவில்லை. வீடு வடக்குப் பார்த்தது. அதை அந்தப் பையனிடமும் ஒப்புக்கொள்ள வாய் வராமல், பால்கனியைக் காட்டி, “இதுதாம்பா தெற்கு” என்றேன். அவன் சட்டைப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தான். “அது தெற்குன்னா சூரியன் சமையல்கட்டுலதான் உதிக்கணும்” என்றாள் ரேபா. வீடு முழுக்க அளந்து பார்த்ததில் தெற்கே திறந்திருந்தது குளியலறையின் வென்டிலேட்டர் ஒன்றுதான். அதற்கு வெளியே இரும்புக் கம்பி அடித்து டிஷ்ஷை மாட்டினான். அன்றிலிருந்து காற்றடித்து அது திரும்பிக்கொண்டால் ஒருவர் குளியலறைக்குள் ஸ்டூல் போட்டு ஏறித் தள்ள, இன்னொருவர் கூடத்திலிருந்து “வந்துடுச்சு, போயிடுச்சு” என்று குரல் கொடுக்க வேண்டும். யாராவது குளித்துக்கொண்டிருந்தால் செய்தி கிடையாது. இருந்தாலும் நான் விடவில்லை. கீழ்த்தளத்து பிஸ்வாஸ் வீட்டில் இன்னும் கேபிள்தான் என்று தெரிந்ததும், அவரைப் படியில் நிறுத்தி வைத்து வானத்தின் பெருமையை நீண்ட நேரம் எடுத்துச் சொன்னேன். பாவம், கையில் மீன் பையோடு நின்றார்.

இந்த நிலையில்தான் உங்கள் நல்ல செய்தி வந்தது. இத்தனை வருஷ சாதகத்துக்குப் பிறகு முதல்முறையாக டிவியில் பாடப் போகிறீர்கள், நம் நகரத்து வடபகுதிக் கேபிள் சேனலில், புத்தாண்டு மாலை நேரடி ஒளிபரப்பு என்று நீங்களே போன் செய்து சொன்னீர்கள். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். உங்கள் குரலை நிச்சயதார்த்தத்தன்றே கேட்டவன் நான். அன்று பந்தி கொஞ்சம் தாமதமானது, இலையில் போட்ட பூரி ஆறிப்போனது என்பதைத் தவிர ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. புது ஜிப்பா போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். சேனலைத் தேடினேன். எத்தனை பாஷையில் எத்தனை சேனல்! ஒன்றில் மாட்டுக்கு ஊசி போட்டார்கள், ஒன்றில் பனிக்கரடி குட்டி போட்டது. நீங்கள் மட்டும் எதிலும் இல்லை. ரேபாவை ஸ்டூலில் ஏற்றி டிஷ்ஷை அப்படியும் இப்படியும் தள்ளச் சொன்னேன். கடைசியில் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்: “அது உங்க ஏரியா கேபிள்காரர் நடத்துற சேனல் சார். அவர் வயர்ல மட்டும்தான் வரும். அப்படி ஒரு சேனலே வானத்துல கிடையாது.”

ஏரியா கேபிள்காரர் என்றால் பொல்ட்டுதான். அப்போதாவது நான் எழுந்து ஒரு மாடி இறங்கியிருக்க வேண்டும். பிஸ்வாஸ் வீட்டில் சத்தமாக டிவி ஓடிக்கொண்டிருந்தது. தபலா சத்தம்கூடப் படிவழியே கேட்டது. ரேபா ஸ்டூலைவிட்டு இறங்கி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். என்னால் போக முடியவில்லை. மீன் பையோடு நிற்க வைத்த மனிதரிடம் போய், “கொஞ்சம் உங்க டிவியைப் பார்த்துக்கலாமா?” என்று எப்படிக் கேட்பது? பாட்டு பாட்டுதானே, நன்றாகத்தான் பாடியிருப்பார், பார்த்தால் என்ன பார்க்காவிட்டால் என்ன, பாராட்டு ஒன்றுதான் என்று சமாதானம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. நீங்கள்.

“பார்த்தீங்களா?” என்றீர்கள். குரல் தாழ்ந்திருந்தது. அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

“பார்க்காம இருப்பேனா சம்பந்தி? கண்ணை எடுக்கலை!”

“முழுசாவா?”

“முதல்லேர்ந்து கடைசி வரைக்கும்.”

பிறகு, “அப்ப... அந்த ரெண்டாவது சரணம்...” என்றீர்கள்.

“அதைத்தானே சொல்ல வந்தேன்! முதல் சரணம் யார் வேணாலும் பாடிடலாம். ரெண்டாவதுல நீங்க காட்டினீங்களே, அதை ஜென்மத்துக்கும் இன்னொருத்தர் காட்ட முடியாது. எங்களுக்கு மூச்சே நின்னு போச்சு!”

“மூச்சா...”

“கடைசியில கை கூப்பி எந்திரிச்சீங்க பாருங்க, அங்கதான் ரேபா அழுதுட்டா.” எந்தப் பாடகரும் கடைசியில் கை கூப்பித்தானே எழுந்திருப்பார் என்று ஒரு குருட்டு யூகம்.

“அழுதாங்களா?”

“ஆனந்தக் கண்ணீர் சம்பந்தி! இப்படி ஒரு முடிவு எந்த வித்வானுக்குக் கிடைக்கும்?”

அந்த நேரத்தில் ரேபா கீழேயிருந்து ஓடிவந்து வாசலில் நின்று இரண்டு கையையும் வீசினாள். அவளும் வாழ்த்துச் சொல்ல ஆசைப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டு, “இதோ, ரேபாவும் இதையேதான் சொல்றா!” என்று சேர்த்தேன். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். அப்புறம்தான் ரேபா சொன்னாள். இரண்டாவது சரணத்தைத் தொடங்கி உங்களுக்கு வரி மறந்துபோனது, மறுபடி தொடங்கினீர்கள், மறுபடியும் மறந்தது, தபலாக்காரர் தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார், அந்தத் தொகுப்பாளினிப் பெண் சிரித்தபடி ஓடிவந்து இடைவேளை என்றாள், நீங்கள் கை கூப்பி எழுந்து போனீர்கள், உடனே பனியன் விளம்பரம் வந்தது. ரேபா அழுதது மட்டும் நிஜம் சம்பந்தி. நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம், அதுவும் எனக்குத் தெரியாமல் சொன்னது.

எனக்கு வெட்கம் எதில் என்றால், பொய் சொன்னதில்கூட இல்லை. வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு அண்ணன் இருக்கிறார், பாட்டு நண்பர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கூனிக் குறுகி வெளியே வந்த நேரத்தில், ஒரு ஆறுதல் வார்த்தைக்காக நீங்கள் முதலில் எனக்கல்லவா போன் செய்தீர்கள்! “பரவாயில்ல சம்பந்தி, எல்லாருக்கும் மறக்கும்” என்று ஒரு வார்த்தை. அதை எதிர்பார்த்து எடுத்த போனில் நான் உங்களுக்கு மாலை போட்டேன். மறுநாள் டுக்டுகி போனில் அழுதாள். “மாமா ஹார்மோனியத்தைத் துணி போட்டு மூடிட்டாருப்பா. யார்கூடவும் பேசறதில்ல. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா, ‘உங்க அப்பாவுக்கு மூச்சு வந்துடுச்சான்னு கேட்டுட்டு வா’ங்கிறாரு. உங்க மாப்பிள்ளையும், ‘எங்கப்பாவைக் கேலி பண்ணின வீட்டுல உக்காந்து நான் எப்படி சஷ்டி விருந்து மாம்பழம் சாப்பிடுவேன்’னு கேக்கறாரு. நான் யார் பக்கம் நிக்கறது?” என்றாள். அந்தக் குழந்தை கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளையை அழைத்து உட்காரவைத்து விருந்து போடும் முதல் மாப்பிள்ளை சஷ்டி இது. ரேபா மாப்பிள்ளைக்கு வீச விசிறி வாங்கிவிட்டாள், அவர் கையில் கட்ட மஞ்சள் நூல் எடுத்து வைத்துவிட்டாள், பத்மா ஆற்று இலிஷ் மீன்தான் வேண்டும் என்று மீன்காரனிடம் சொல்லிவிட்டாள். அன்றைக்கு மாப்பிள்ளையின் ஆசனம் காலியாக இருந்தால் இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும், என் பெண்ணுக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியும்.

டிஷ்ஷைக் கழற்றியாயிற்று. பிஸ்வாஸ் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், அவருக்கு ஒன்றும் ஞாபகமே இல்லை. பொல்ட்டுவின் கடைக்கும் போய் நின்றேன். “என்ன சித்தப்பா, வானம் இடிஞ்சு விழுந்துடுச்சா?” என்று கேட்டான். தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாண்டா, என் தலையிலதான்” என்றேன். நேற்று வயர் இழுத்துக் கொடுத்துவிட்டான், படம் துல்லியமாக வருகிறது. சம்பந்தி, என்னைத் திட்டுங்கள், போனில் திட்டுங்கள், தெருவில் நிறுத்தித் திட்டுங்கள், நியாயம். ஆனால் ஹார்மோனியத்தைத் திறங்கள். மாப்பிள்ளையை அனுப்பி வையுங்கள். நீங்களும் கூட வந்து எங்கள் வடக்குப் பார்த்த கூடத்தில் உட்கார்ந்து, மறந்த சரணத்தைப் பாடுங்கள். நான் எதிரில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துக் காதால் கேட்கிறேன். பாராட்டவே மாட்டேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் டுக்டுகிக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம், ரேபாவுடையதைத் தனியாகவும் என்னுடையதைத் தனியாகவும் எடுத்துக்கொள்ளச் சொல்லவும். அடுத்த பூஜைக்குள் நம் இரு வீடும் ஒரே பந்தியில் உட்கார அம்மன் வழிவிடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்நோக்கும்,
ஹேரம்ப லாகிரி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ரேபா கூடத்திலிருந்து கத்தினாள். நேற்று வயர் இழுத்து முடித்ததும் நான் பொல்ட்டுவிடம் ஒன்று கேட்டிருந்தேன். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்ன பாவம் தீர, உங்கள் பாட்டின் பதிவு இருந்தால் என் வீட்டுக்கு மட்டும் ஒருமுறை போட்டுக் காட்டேன் என்று. “ஒரு வீட்டுக்கு மட்டும் எப்படிப் போகும் சித்தப்பா? போட்டா எல்லா வீட்டுக்கும்தான் போகும்” என்றான். அப்படியானால் வேண்டாம் என்று சொல்வதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டான், மறந்துவிடுவான் என்று விட்டுவிட்டேன். இப்போது எங்கள் டிவியில், படத்துக்குக் கீழே ஒரு பட்டை ஓடிக்கொண்டிருக்கிறது: “பெல்கோரியா ஸ்ரீ பிமலேந்து சான்யால் பாடிய புத்தாண்டுப் பாடல், அவருடைய அருமைச் சம்பந்தி ஸ்ரீ ஹேரம்ப லாகிரியின் அன்பு வேண்டுகோளுக்கு இணங்க, ஞாயிறு மாலை மறு ஒளிபரப்பு. காணத் தவறாதீர்கள்.” பொல்ட்டுவுக்குப் போன் போட்டு அலறினேன். “வெட்கப்படாதீங்க சித்தப்பா, சொந்தம்னா இப்படித்தான் இருக்கணும். அந்த ரெண்டாவது சரணத்தை மட்டும் ரெண்டு தடவை போடச் சொல்லிட்டேன்” என்கிறான். ஆகவே மேலே கெஞ்சிக் கேட்டதையெல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். மாப்பிள்ளை மட்டும் சஷ்டிக்குக் கட்டாயம் வரட்டும், நான் அன்று வீட்டில் இருக்க மாட்டேன். டிவியே இல்லாத ஊர் ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் டுக்டுகியிடம் சொல்லியனுப்பவும்.