பாதி வேருக்கு மட்டும் தண்ணீர்

கே.கே. நகர், மதுரை.

அன்பு மகன் முத்துக்குமரனுக்கு உன் அப்பா நல்லகாமன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஒத்தக்கடையில் நீயும், மருமகளும், பேரனும், பேரனைப் பார்த்துக்கொள்ள நீ கூட்டிப்போன உன் அம்மாவும் சுகமென நம்புகிறேன். என் சுகத்தைக் கீழே படி. போனில் சொல்லலாமென்றால் உன் அண்ணி திவ்யா பக்கத்திலேயே நிற்கிறாள்.

உன் அண்ணன் அருள்பாண்டி ஆராய்ச்சிக்காக மாடியில் தக்காளிச் செடி வளர்க்கிறான் அல்லவா? ஒவ்வொரு செடிக்கும் வேரை மட்டும் இரண்டாகப் பிரித்து இரண்டு தொட்டியில் வைத்திருக்கிறான். ஒரு தொட்டிக்குத் தண்ணீர், மற்றதற்குச் சொட்டுக்கூடக் கிடையாது. உசிலம்பட்டியில் வானத்தைப் பார்த்தே வெள்ளாமை செய்தவன் நான். குழாயில் தண்ணீர் கொட்டும்போது வேரைக் காயப்போட மனசு வருமா? அவன் காலேஜுக்குப் போனதும் காய்ந்த தொட்டிக்கெல்லாம் ஊற்றினேன், அதில் அவன் ஒட்டியிருந்த சீட்டுகள் நனைந்து உரிந்துவிட, கைக்கு வந்தபடி திரும்ப ஒட்டியும் வைத்தேன். சாயங்காலம் வந்தவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"என்னப்பா இப்படிப் பண்ணிட்டீங்க! காயிற வேரு இலைக்குத் தகவல் அனுப்பும்ப்பா. மத்த வேருல தண்ணி இருந்தாலும் இலை மூச்சு விடுற துளைய மூடிக்கிரும். அதத்தான் அளந்துக்கிட்டிருந்தேன்."

"அதுக்கு எதுக்குடா இம்புட்டுத் தொட்டி? என்னையும் உங்கம்மாவையும் ஆளுக்கொரு வீட்டுல பிரிச்சு வச்சிருக்கீகளே, என்னையக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

"மாமா, சாப்பாடு ஆறுது" என்றாள் திவ்யா. அவன் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு வயிறு எரிகிறது, முத்துக்குமரா. அண்ணனும் தம்பியும் கூடிப் பேசி எங்களைப் பங்கு போட்டுக்கொண்டீர்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பஸ் ஏறினால் வரும் தூரம், ஆனாலும் உன் அம்மா முகத்தைத் தீபாவளிக்குத்தான் பார்த்தேன். அன்றைக்கும் பேரன் அழுகிறானென்று அவளைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கூட்டிப்போனாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடைக்கு வருகிறேன். அவளை அழைத்துக்கொண்டு ஊருக்கே போகிறேன். நீ பிள்ளை பார்க்க வேறு ஆள் தேடிக்கொள்.

மருமகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். உனக்கும் உண்டு, கொஞ்சம் குறைவாக.

இப்படிக்கு,
நல்லகாமன்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. திவ்யாவுக்கு அன்று வேலை இருக்கிறதாம், அவள் பிள்ளைகளை நான்தான் பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே. 'அப்பா நல்லா இருக்காரு, வேளாவேளைக்குச் சாப்பிடுறாரு' என்று மட்டும் சொல். அவளும் எனக்கு அப்படித்தான் சொல்லி அனுப்புகிறாள்.