பாதுஷாவின் பகல் புறப்பாடு

ஒரு மனிதன் தன்னை அறிவாளி என்று மனப்பூர்வமாக நம்பத் தொடங்கும் நாளில், அவன் கையில் ஒரு நாயின் கயிற்றைக் கொடுத்துவிட வேண்டும். மீதியைச் சித்திரை வெயில் பார்த்துக்கொள்ளும். இதை நான் படித்து அறியவில்லை. (நான் படித்ததே எட்டாம் வகுப்புதான்; மற்றதெல்லாம் தியாகராய நகர்த் துணிக்கடையில் அமர்ந்து, பொட்டலம் கட்ட வந்த பழைய பத்திரிகைகளில் கற்றது.)

கடையை மகனிடம் ஒப்படைத்தபின், மயிலாப்பூரில் மகள் மீனாவின் வீட்டு மாடியில் நானும் என் மனைவியும் வசிக்கிறோம். மீனாவின் நாய்க்குப் பெயர் பாதுஷா. இனம் லேப்ரடார், குணம் ஜமீன்தார். சென்ற கோடையில் மீனாவும் மருமகனும் ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் புறப்பட்டபோது, அவனை நாய்கள் காப்பகத்தில் விட எண்ணினார்கள். எனக்கு அது மானப் பிரச்சினையாயிற்று.

"அத்தனை பேரை வச்சுக் கடையை நடத்தினவன் நான். ஒரு நாயை நடத்த மாட்டேனா?"

மீனா அரை மனதாகச் சம்மதித்தாள். "காலைல ஏழு மணிக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டு வந்துடணும்ப்பா. இல்லன்னா பொழுது சாஞ்சப்புறம். முதல்ல புறங்கைய ரோட்டுல வச்சுப் பாருங்க. கை தாங்கலன்னா அவன் பாதமும் தாங்காது. பாதம் புண்ணாச்சுன்னா, அப்புறம் உங்கள நம்பி அவனை விடவே மாட்டேன்."

தலையசைத்தேன். ஆனால் நடுத்தெருவில் குனிந்து தார்ச்சாலையைத் தடவுவது என் போன்றவனுக்கு அழகா? (விழுந்த சில்லறையைத் தேடுகிறான் என்றல்லவா நினைப்பார்கள்.)

மறுநாள் திங்கட்கிழமை. நீராடி, பூசை முடித்து, நான் கயிற்றைக் கையில் எடுத்தபோது மணி ஏழரை. ராகு காலம் பிறந்துவிட்டது. எடுத்த கயிற்றை வைத்துவிட்டு அமர்ந்தேன்.

"நாய்க்கு என்னங்க ராகு காலம்?" என்றாள் மனைவி.

"நாய்க்கில்ல. கூட்டிட்டுப் போற எனக்கு."

"அதுக்கு வர்ற அவசரம் ராகு காலம் பார்த்தா வருது?"

(அந்த அவசரத்தை அவன் மொட்டை மாடியில் தீர்த்துக்கொண்டான்.)

ஒன்பது மணிக்கு ராகு காலம் நீங்கியது. அதன்பின் சிற்றுண்டி, நாளிதழ், இரண்டாம் காப்பி. பத்தரைக்கு எமகண்டம் தொடங்குமுன் வாசற்படியைத் தாண்டிவிட்டேன். எமனையே ஏமாற்றிய பெருமிதத்துடன், காலில் தடித்த தோல் செருப்பும் தலைக்கு மேல் கறுப்புக் குடையுமாக நடந்தேன். பாதுஷாவுக்கு இவ்விரண்டும் இல்லை என்பது என் சிந்தைக்கு எட்டவில்லை.

இரண்டாவது தெருவில் அவன் குதிக்கத் தொடங்கினான். ஒரு காலைத் தூக்குவான். அதை வைத்து மறுகாலைத் தூக்குவான். என்னோடு உலா வரும் ஆனந்தத்தில் துள்ளுகிறான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

தெருமுனைப் பிள்ளையார் கோயிலருகே பூ விற்கும் அம்மாள் கேட்டாள்: "இன்னா சார், நாயி டான்ஸ் ஆடிக்கினு வருது?"

"மயிலாப்பூர் நாயாச்சேம்மா. தாளம் தப்பாது."

சன்னிதியைக் கண்டால் செருப்பைக் கழற்றாமல் கும்பிடுவது எனக்குப் பழக்கமில்லை. தெருவிலேயே கழற்றினேன். தாரில் பாதம் பட்டது. வலக்காலைத் தூக்கினேன், வைத்தேன், இடக்காலைத் தூக்கினேன். பாதுஷா போட்ட அதே அடவு.

"இப்ப ஜோடியா ஆடறீங்க" என்றாள் அவள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாதுஷா கோயில் சுவரின் துண்டு நிழலில் படுத்து, மூச்சு வாங்கியபடி தன் பாதத்தை நக்கினான். எழ மறுத்தான். என் செருப்புகளை அவன் முன்னங்கால்களுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். இருந்த செருப்போ இரண்டு. வெந்த கால்களோ ஆறு. தூக்க முயன்றேன், என் இடுப்பு உடன்படவில்லை. பூக்கார அம்மாள் பூவில் தெளிக்க வைத்திருந்த தண்ணீரை அவன் கால்களில் ஊற்றினாள், குடிக்கவும் கொடுத்தாள். பிறகு பக்கத்துக் காய்கறி வண்டிக்காரரை அழைத்தாள்.

"யோவ், கோணிய நனைச்சு வண்டில விரி. பாவம், வாயில்லா ஜீவன். நாயச் சொல்றேன், பெரியவர இல்ல."

அவ்வாறாக வீடு திரும்பினோம். ஈரக் கோணியின் மீது, முருங்கைக்காய்க் கட்டின் அருகே, பாதுஷா வீற்றிருந்தான். வண்டிக்காரர் மணியடித்துத் தள்ளினார். நான் அவனுக்குக் குடை பிடித்தபடி வெறுந்தலையோடு உடன் நடந்தேன். எதிரே வந்த மாமி ஒருவர், சுவாமி புறப்பாடு என்றெண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு உற்று நோக்கி, "ஏன்னா, இது நாயின்னா" என்று கணவரிடம் முறையிட்டார்.

எதிர்வீட்டுக்காரர் எடுத்த வீடியோ, நாங்கள் வாசலை அடையுமுன் கோயம்புத்தூரை அடைந்துவிட்டது. கைபேசி ஒலித்தது.

"அப்பா, பாதம் எப்படி இருக்கு?"

மகளின் பாசத்தில் என் கண்கள் கலங்கின. "லேசா எரியுதும்மா. தேங்காயெண்ணெய் தடவிக்கறேன்."

"உங்க பாதம் இல்லப்பா. அவன் பாதம்."

மாலையில் வந்த கால்நடை மருத்துவர், பாதம் சிவந்திருக்கிறது, கொப்புளம் இல்லை, சில நாள் நடக்கவிடாதீர்கள் என்றார். போன உயிர் எனக்குத் திரும்பியது. கயிறு மட்டும் இன்றுவரை திரும்பவில்லை. மீனா சொன்ன சொல் தவறாதவள்.

இப்போதெல்லாம் பண்டிகை நாளில் என் காலில் விழ வரும் பேரப்பிள்ளைகள், "தாத்தா, இது உங்க பாதம்தானே?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டே விழுகிறார்கள். அடுத்து, வரிசையாகப் பாதுஷாவின் காலில் விழுகிறார்கள். அவன்தான் முகம் மாறாமல் ஆசீர்வதிக்கிறான்.