அது பதினோராம் அத்தியாயத்தில் வரும்

புற்றுநோயின் வரலாற்றை எழுதியவர்கள் உலகத்தில் பலர் இருக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய எகிப்தியப் பெண்ணின் மார்புக் கட்டியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த சொந்த நாத்தனாரின் மார்புக் கட்டியைக் கோட்டைவிட்டது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் எங்கள் வீட்டுக்கு வந்தால், காபி வருவதற்குள் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள்.

அப்போது நான் ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். (இப்போதும் அதேதான். புத்தகம் எழுதினால் வாழ்க்கை மாறும் என்று யார் சொன்னது?) தவளையைப் பற்றியும் கரப்பான்பூச்சியைப் பற்றியும் நான் எழுதிய நாலு கட்டுரைகளை நம்பி, ஒரு பதிப்பாளர் கூப்பிட்டுச் சாதாரண வாசகர்களுக்காகப் புற்றுநோயின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு அத்தியாயத்துக்குத் திட்டம் போட்டு, முதல் அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு எழுதின மாதிரி இருக்கிறதாம். புத்தகமே படிக்காத ஒருவரை உட்காரவைத்துப் படித்துக் காட்ட வேண்டுமாம். அவர் எங்கே கொட்டாவி விடுகிறாரோ அங்கே வெட்டிவிட வேண்டுமாம்.

சாதாரண வாசகரை எங்கே போய்த் தேடுவது? முதலில் என் வீட்டுக்காரரைப் பிடித்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அத்தனை உயரத்தில் எட்டு மணி நேரம் கண் இமைக்காமல் உட்கார்ந்திருக்கிற மனுஷர், என் மூன்றாவது வரியில் குறட்டை விட்டார். அவருக்குத் தோதாக வெட்டினால் தலைப்பு மட்டும்தான் மிஞ்சும் என்று அவரை விட்டுவிட்டேன்.

மிச்சமிருந்தது அவருடைய தங்கை கஸ்தூரி. எர்ணாவூரில் இருக்கிறாள். மசாலா பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை. எட்டாவது வரை படித்தவள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஷேர் ஆட்டோ பிடித்து, ஒரு பை நிறைய மீனோடு திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சமையலறையில் அவள் மீன் ஆயும்போது எதிரில் ஸ்டூலைப் போட்டு நான் படிப்பது என்று ஏற்பாடு. பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். அதில் ‘கொட்டாவி’ என்று தலைப்பிட்டு ஒரு கட்டம்கூடப் போட்டிருந்தேன்.

முதல் ஞாயிறு எகிப்து. மார்பில் குளிர்ந்து கெட்டியாக எழும்பும் கட்டியைப் பற்றி அந்தக் காலத்து வைத்தியர் ஒருவர் எழுதிவைத்திருந்ததையும், வைத்தியம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று முடித்திருந்ததையும் குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். கஸ்தூரியின் கை நின்றுவிட்டது.

“இல்லன்னு எழுதிட்டானா? அப்டியே வுட்டுட்டானா அந்தப் பொம்பளய?” என்று கேட்டாள்.

கொட்டாவி: இல்லை. நோட்டில் பெருமையோடு குறித்தேன்.

இரண்டாவது ஞாயிறு கிரேக்கம். கட்டியைச் சுற்றிப் புடைத்த ரத்தக்குழாய்கள் நண்டின் கால்கள் மாதிரி தெரிந்ததால் நோய்க்கு நண்டின் பெயரை வைத்தார்கள் என்று சொன்னேன். அன்றைக்கு அவள் வாங்கி வந்திருந்ததும் நண்டுதான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இப்போதெல்லாம் இந்தக் கட்டிக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள்.

இந்த இடத்தில்தான் என் வாயிலிருந்து அந்த வாக்கியம் முதல்முறை வந்தது.

“அது பதினோராம் அத்தியாயத்துல வரும் கஸ்தூரி. அவசரப்படக் கூடாது. வரலாறுன்னா வரிசையாத்தான் போகணும்.”

அவளும் பாவம், வரிசையாக வந்தாள். கறுப்புப் பித்தம்தான் காரணம் என்று பல நூற்றாண்டு நம்பிய கதையைக் கேட்டாள். மயக்க மருந்து வருவதற்கு முந்தைய அறுவைசிகிச்சையை நான் நடித்தே காட்டினேன். (காய் வெட்டும் கத்தியோடு. இப்போது நினைத்தாலும் என்னை நாலு சாத்து சாத்தத் தோன்றுகிறது.) அவள் முகம் வெளுத்துப்போய்ச் சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தாள். அறுத்தால் கம்பெனிக்கு எத்தனை நாள் லீவு போட வேண்டியிருக்கும் என்று கேட்டாள். நான் கோபித்துக்கொண்டேன். நடப்பது இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பா, அங்கே உன் மசாலா கம்பெனி எங்கே வந்தது என்றேன். ஆனால் ராத்திரி பதிப்பாளருக்கு, ‘என் வாசகி கண் கலங்குகிறார். எழுத்து வேலை செய்கிறது’ என்று வாட்ஸ்அப் அனுப்பினேன்.

அடையாளங்கள் இல்லாமல் இல்லை. மீன் பை இடது கையிலிருந்து வலது கைக்கு மாறியிருந்தது. ஷேர் ஆட்டோ நெரிசல் என்று நினைத்தேன். மூன்று வாரமாக ஒரே மாதிரி தொளதொள ஜாக்கெட். தையல்காரன் கெடுத்துவிட்டான் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, “அண்ணி, உன்னாண்ட ஒண்ணு காட்டணும்” என்றாள். இந்தப் பத்தியை முடித்துவிடுகிறேன், அப்புறம் காட்டு என்றேன். அந்தப் பத்தி நாற்பது நிமிஷம் போயிற்று. அதற்குள் வீட்டுக்காரர் எழுந்து டீ கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். அவள் கதவைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஒன்பது பாடம் நடத்தி ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லாத டீச்சரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான்தான் அவள்.

ஒன்பதாம் அத்தியாயம் படித்த வாரம், புத்தகம் ஜனவரிக்குள் வர வேண்டும் என்று பதிப்பாளர் அவசரப்படுத்தினார். மிச்சத்தை எழுதி அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். கஸ்தூரியிடம், மீதியைப் புத்தகம் வந்ததும் நீயே படித்துக்கொள் என்றேன். எப்போது வரும் என்றாள். ஒரு மாதம் என்றேன். அவள் விரல்விட்டு எண்ணியதைப் பார்த்து, ஆஹா, எழுத்தாளருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பூரித்துப்போனேன்.

வெளியீட்டு விழா, திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. அரசு மருத்துவமனை டாக்டரம்மா ஒருவர் வெளியிட, முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ளப் பெரிய மனுஷர் யாரையாவது போடுவதுதான் வழக்கம். நான் புதுமை செய்தேன். ‘முதல் பிரதி பெறுபவர்: சாதாரண வாசகி திருமதி கஸ்தூரி’ என்று அழைப்பிதழிலேயே அடித்தேன். அவளுக்குப் பட்டுப்புடவை, ஒரு பொன்னாடை, மேடையில் நாற்காலி. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதில் டாக்டரம்மா முக்கால் மணி நேரம் தாமதம். அதுவரை கஸ்தூரி இருப்புக்கொள்ளாமல், புத்தகத்தை எப்போது கையில் கொடுப்பார்கள் என்று என்னை நாலு தடவை கேட்டுவிட்டாள்.

ஒருவழியாகப் பிரதியைக் கொடுத்தார்கள். போட்டோவுக்குக்கூட நிமிராமல் உட்கார்ந்து, புத்தகத்தைப் பின்பக்கமாகப் புரட்டினாள். அடுத்துப் பேச வந்த கவிஞர், இந்த நூலைப் படித்து முடித்தபோது எனக்கே அந்த நோய் வந்துவிட்டதாக உணர்ந்தேன் என்று உருகினார். கூடமே கைதட்டியது. கஸ்தூரி மட்டும் தட்டவில்லை. வரிக்கு வரி விரல் வைத்து, உதடு அசைய, பதினோராம் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சாதாரண வாசகி இரண்டு வார்த்தை பேசுவார் என்று நானே அறிவித்தேன். அவள் மைக்கை ஒரு கையால் பிடித்தாள். இன்னொரு கையில் புத்தகம், நடுவில் அடையாளத்துக்கு ஒரு விரல்.

“எங்க அண்ணி எழுதினாங்களே கட்டி, அது எனக்குக் கீது. ஆறு மாசமா கீது” என்றாள்.

நான் கைதட்டினேன்.

ஆமாம், நான்தான் முதலில் தட்டினேன். கவிஞர் சொன்னதையே இவள் எவ்வளவு எளிமையாகச் சொல்கிறாள், இதுவல்லவா வாசக அனுபவம் என்று உடம்பெல்லாம் புல்லரித்தது. எழுத்தாளரே தட்டுகிறாரே என்று கூடமும் தட்டியது. என் வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் விசில்கூட அடித்தார்.

கஸ்தூரி அது ஓயும்வரை நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“கதயில்ல அண்ணி. நெஜமாவே கீது. பொழைப்பாங்களா மாட்டாங்களான்னு தெரிஞ்சிகினு அப்பால வூட்ல சொல்லலாம்னுதான் வாராவாரம் கேட்டுகினு இருந்தேன். நீ கடசி வரிக்கும் சொல்லவே இல்ல.”

தட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவமானம் என்று பிறகு பெயர் வைத்தேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது பயம். வாராவாரம் வந்துபோன இவள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைத்து வந்த பயம்.

டாக்டரம்மா எழுந்து கஸ்தூரியின் தோளில் கைபோட்டு, புத்தகக் கட்டுகள் அடுக்கியிருந்த பின் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார். திங்கட்கிழமை காலையில் வந்துவிடு, கூடவே இருந்து பார்க்கிறேன் என்று அவளிடம் சொன்னார். அப்புறம் என்னிடம் வந்தார்.

“இவ்வளவு பக்கம் எழுதியிருக்கீங்க. கட்டின்னு தெரிஞ்சா எங்க போய் யார்கிட்ட காட்டணும்னு ஒரு வரி எழுதலையேம்மா?”

இன்றுவரை என் புத்தகத்துக்கு வந்த விமர்சனங்களில் சரியானது அது ஒன்றுதான்.

கஸ்தூரிக்கு ஆபரேஷன் ஆயிற்று. மருந்து ஏற்றினார்கள், கரண்டு (கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வாள்) வைத்தார்கள். முடி கொட்டியபோது விழாவில் போர்த்திய பொன்னாடையைத்தான் தலையில் சுற்றிக்கொண்டாள். ஜரிகை குத்துகிறது, ஒரு காட்டன் துண்டாகப் போட்டிருக்கலாமே என்று என்னைத் திட்டினாள். பள்ளிக்கு லீவு போட்டு ஒவ்வொரு முறையும் நான்தான் கூடப் போனேன். முதல் நாள் பழக்கதோஷத்தில் நேரம் போக ஏதாவது படிக்கட்டுமா என்று கேட்டுவிட்டேன். அவள் பார்த்த பார்வையில் பையின் ஜிப்பை மூடிவிட்டேன். அதன்பிறகு அவள் பேசினாள், நான் கேட்டேன். மசாலா கம்பெனி சூப்பர்வைசரின் வரலாறு எனக்கு இப்போது அத்துப்படி.

இரண்டாம் பதிப்பு வந்தபோது, பதினோராம் அத்தியாயத்தை முதல் அத்தியாயமாக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். அதன் முதல் வரி கஸ்தூரி சொன்னது, அவள் பாஷையிலேயே இருக்கிறது: ‘கட்டி கீதா? புக்க மூடிட்டு மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. அப்பால வந்து படி.’ புத்தகத்தை மூடச் சொல்லி எந்தப் புத்தகமாவது ஆரம்பிக்குமா என்று பதிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார். வரலாற்றைத் தலைகீழாக எழுதியிருக்கிறார் ஆசிரியர் என்று ஒருவர் கடிதம் போட்டார். எழுதட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது எதற்கும் நேரடிப் பதில் கிடையாது. குழம்பு கொதித்துவிட்டதா என்றால், அது பதினோராம் அத்தியாயத்தில் வரும் என்பார் வீட்டுக்காரர். சம்பளம் போட்டாச்சா என்று நான் கேட்டாலும் அதேதான். சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன், வேறு வழி?

போன மாதம் கஸ்தூரிக்கு ஐந்தாவது வருஷப் பரிசோதனை. டாக்டரம்மா அறைக்குள் அவள் மட்டும் போனாள். நான் வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

“ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. இப்போ தட்டு அண்ணி” என்றாள்.

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல், நர்ஸ் வந்து அதட்டும்வரை தட்டினேன்.