தேசிக்காய் தெறித்த வேட்டியும் நான் விற்காத காரும்

ஸ்காபரோ,
ஜூன் 9, திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய, சம்பந்தியாக வர இருக்கும் கோணேஸ்வரன் அண்ணை அவர்களுக்கு,

பத்மநாதன் எழுதுவது. இங்கு நானும் பரிமளமும் மகள் மிதுஷாவும் சுகம். ஸ்ரௌவ்வில்லில் நீங்கள், அக்கா, மாப்பிள்ளை ரஜிதன் யாவரும் நலமென்றும், உங்கள் பட்டு வேட்டி ட்ரை கிளீனிங்கிலிருந்து வந்துவிட்டதென்றும் நம்புகிறேன்.

நேற்று நீங்கள் போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது. "காரை வித்துப்போட்டு வாங்கோ, பிறகு கலியாணத்தைக் கதைப்பம்." கோபம் வந்தால் எனக்குப் போனில் மூச்சுத்தான் வரும், பேச்சு வராது. ஆகவே கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கார் விற்பனைக்கில்லை. காரணத்தைப் பொறுமையாக வாசியுங்கள்.

அதை நான் எடுப்புக் காட்ட வாங்கவில்லை. பதின்மூன்று வருடத்துக்கு முன், மிசிசாகாவில் விமானங்களுக்கு என்னோடு பெட்டி ஏற்றிய அகஸ்ரின், தன் வளவுக்குள் தார்ப்பாய் மூடிக் கிடந்த ஒரு சாமானைக் காட்டினான். எழுபதாம் ஆண்டு அமெரிக்காவில் செய்தது, இரண்டு கதவு, எட்டுச் சிலிண்டர், முன்பக்கம் கப்பல் போல நீட்டு, பின்சீற்றில் ஒரு மனிசர் இருக்க ஏலாது. முதல் சொந்தக்காரர் பந்தயம் ஓடவென்றே எஞ்சினைப் பெருப்பித்தவராம், கனடா முழுக்கத் தேடினாலும் இப்படி நாலைந்துதான் அகப்படுமாம். ஓடுமோ என்று கேட்டேன். ஓட விடாமல் பிடிப்பதுதான் கஷ்டம் என்றான். வீட்டுக்குக் கொண்டுவர இழுவை லொறி பிடிக்க வேண்டியிருந்தது. பரிமளம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அரிசி மூட்டைகளை அதற்குள் அடுக்கினாள்.

மிதுஷாவுக்கு அப்போது பதினாலு வயது. நீங்கள் ஆண்பிள்ளை வளர்த்த ஆள், உங்களுக்கு விளங்குமோ தெரியாது. அந்த வயதில் அவள் என்னோடு பேசியது "ஓம்", "இல்லை", "வைஃபை வேலை செய்யேல்லை", இவ்வளவுதான். ஒருநாள் காருக்கடியில் கிடந்து ஸ்பானர் எட்டாமல் நான் கத்த, அவள் வந்து பார்த்து, "அப்பா, ரோங் சைஸ்" என்று சரியானதை எடுத்துத் தந்தாள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குப் பக்கத்தில் வந்து படுத்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி அவளைப் பழித்தது, கணக்கில் சறுக்கியது, பின்னாளில் உங்கள் மகனைப் பிடித்திருக்கிறது என்பது, எல்லாம் எனக்குக் காருக்கடியில்தான் தெரிய வந்தன. ரஜிதன் என்ற பெயரைக் கேட்டவுடன் விறுக்கென்று எழும்பி நெற்றியை அடித்துக்கொண்டேன். தழும்பு இன்னும் கிடக்கிறது.

பிறகு பெட்டி தூக்கித் தூக்கி என் இடது முழங்கால் போய்விட்டது. கிளச்சை மிதிக்க ஏலாது. பேசாமல் காரைத் தார்ப்பாயால் மூடிவிட்டேன். அவள் எஞ்சினியரிங் படித்த பிள்ளையல்லோ, எட்டு மாதம் மினக்கெட்டு, ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் என் இடது கைக்கு ஒரு கைப்பிடி செய்து பூட்டினாள். இறுக்கிப் பிடிச்சால் கிளச்சை மிதிச்ச மாதிரி, விட்டால் காலை எடுத்த மாதிரி. "இனிக் காலுக்கு லீவு, அப்பா" எண்டாள். நான் அழுதுபோட்டன் அண்ணை, மறைக்க என்ன இருக்கு.

அந்தக் கைப்பிடிக்குத்தான் ஜூன் முதலாம் திகதி ஞாயிறு கோயில்ல பூசை வைச்சது. சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாமல் விடுறதோ எண்டு உங்களையும் கூப்பிட்டன். நாலு சில்லுக்கும் கீழ தேசிக்காய் வைச்சாச்சு, ஸ்ராட் பண்ணச் சொல்லியாச்சு. நான் கியரைப் போட்டு, வலது கால் அக்சிலேற்றரில, இடது கையில கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சபடி இருக்கிறன். அந்த நேரம் பாத்து ஐயர் ஜன்னலுக்குள்ளால கற்பூரத் தட்டை நீட்டினார். கற்பூரத்தைக் கண்டால் நாங்கள் என்ன செய்வம்? ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டன். கார் பாஞ்சுது. பின்சில்லு ரெண்டும் தேசிக்காயைச் சட்னியா அரைச்சுப் பின்னுக்கு வீச, அங்கை வீடியோ எடுத்துக்கொண்டு நிண்டது நீங்கள். அக்கம்பக்கத்துக் கார் எல்லாம் அலாரம் அடிக்க, என்ர கார் புல்லுக்குள்ள போய் அணைஞ்சு நிண்டுது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. பிழை என்ர கையில, காரில இல்லை.

வேட்டிக்கு மன்னிப்புக் கேட்கிறேன். மண்டபத்தை மாற்றச் சொன்னீர்கள், மாற்றினேன். உங்கள் பக்கம் நானூறு பேர் என்றீர்கள், ஓம் என்றேன். ஆனால் மகள் என்னோடு பேசிய பேச்செல்லாம் அந்தக் காருக்குள் இருக்கிறது, அதை விற்க என்னால் முடியாது. நான் கண்ணை மூடுமட்டும் அது என் கராஜை விட்டு ஓரடி அசையாது. நன்றாக யோசித்து எழுதுகிற முடிவு இது.

அக்காவுக்கு எங்கள் அன்பும் மாப்பிள்ளைக்கு ஆசியும் சேரட்டும். பிள்ளையார் உங்கள் குடும்பத்துக்கு நீண்ட ஆயுளும், உங்களுக்குக் கொஞ்சம் பொறுமையும் தரட்டும்.

இப்படிக்கு,
தன் இடது முழங்காலைப் போலவே வளையாத
பத்மநாதன்

பி.கு.: கடிதத்தைப் பரிமளம் உரத்து வாசிக்க, மிதுஷா கேட்டுக்கொண்டிருந்தாள். கார் போன வருடமே அவள் பெயருக்கு மாறிவிட்டதாம். இன்சூரன்ஸ் அலுவல் என்று அவள் காட்டிய இடத்தில் நான் கையெழுத்து வைத்தது அதற்குத்தானாம். கலியாணத்துக்கு அடுத்த நாள் அது அவளோடு ஸ்ரௌவ்வில்லுக்கு வருகிறது. ரஜிதன் உங்கள் கராஜில் ஒரு பக்கத்தை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டாராம், புல்லு வெட்டுகிற மிஷினைக் காணவில்லை என்று தேட வேண்டாம். சீதனம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது, இது சீதனமில்லை.

"அப்ப எனக்கு என்ன மிச்சம்?" எண்டு கேட்டன்.

"அந்தக் கைப்பிடி உங்கட கைக்குத்தான் அளவு, அப்பா. சனிக்கிழமையில வந்து நீங்கள்தான் காரை ஓடவேணும்" எண்டாள்.

ஆனபடியால் அண்ணை, சனிக்கிழமை சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருவன். பின்னுக்கு மட்டும் நிக்காதேங்கோ.